அப்பாவுக்கு பம்பிங் 30, கிரியாட்டினின் கூடிருச்சு, ஹார்ட் மாத்திரையை நிறுத்தலாமா?

பெருமாள்மலை_மகன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயசு, போன வருஷம் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாச்சு, எக்கோல பம்பிங், அதாவது ஹார்ட் ரத்தத்தைத் தள்ளுற அளவு, 30 சதவீதம் தான் காட்டுது. சுகர் ரொம்ப வருஷமாவே இருக்கு. இப்ப ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் 25, நீர் பிரிய ஃப்யூரோஸ்மைட், அது போக பீட்டா பிளாக்கர், ரத்தம் உறையாம இருக்க ரெண்டு, கொழுப்புக்கு ஒண்ணுன்னு ஓடிக்கிட்டிருக்கு. ராமிப்ரில் டோஸை ஏத்திவிட்டதுக்கு அப்புறம் எடுத்த டெஸ்ட்ல கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் 1.4 இருந்தது 1.7 ஆயிருச்சு, பொட்டாசியம் 4.6 இருந்தது 5.4ன்னு சிவப்புல அடிச்சு வந்திருக்கு. சித்தப்பா ரிப்போர்ட்டைப் பாத்துட்டு இது கிட்னியைத் தின்ற மாத்திரை, பிரஷரே 100/60 தான் இருக்கு, பிரஷர் இல்லாத மனுசனுக்கு எதுக்குடா பிரஷர் மாத்திரைன்னு ஒரே சத்தம். நாங்க கொடைக்கானல் மலையில இருக்கோம், டாக்டரைப் பாக்க மதுரைக்கு இறங்கணும், அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம் தான். அதுவரைக்கும் நிறுத்தி வைக்கலாமா? அம்மா ராத்திரி தூங்கவே இல்ல, தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

பூம்பாறைக்காரன்:
தம்பி நிறுத்திருங்க. எங்க பெரியப்பா இதே மாதிரி பிரஷர் மாத்திரை வருஷக்கணக்கா போட்டு கடைசியில வாரம் ரெண்டு தடவை மலை இறங்கி டயாலிசிஸ்க்குப் போற நிலைமைக்கு வந்துட்டாரு. இங்கிலீஷ் மருந்து ஒரு பக்கம் தூக்குனா இன்னொரு பக்கம் இறக்கும். எங்க ஊரு மலைப்பூண்டை பால்ல வேக வச்சு ராத்திரி குடுங்க, ரத்தம் தானா இளகும். கெமிக்கலை வயித்துல கொட்டுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

குறிஞ்சி_டாக்டர்:
பெருமாள்மலைத் தம்பி, மொதல்ல நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. அப்பா வலி மாத்திரை ஏதாவது போடுறாரா, மூட்டு வலி முதுகு வலின்னு கடையில வாங்கி? கடந்த சில நாள்ல வாந்தி, பேதி, காய்ச்சல் இருந்துச்சா? நின்னா தலை சுத்துதா, ஒண்ணுக்கு வழக்கம் போல போகுதா? சாப்பாட்டுல புதுசா ஏதாவது சேத்திருக்கீங்களா, முக்கியமா பழம், இளநீர், உப்பை மாத்துனது?

இதுக்கு நடுவுல இன்னைக்கே செய்ய வேண்டியது, அந்த டாக்டரோட ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு ரெண்டு நம்பரையும் சொல்லுங்க, அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்க இஷ்டத்துக்கு நிறுத்தவும் வேண்டாம். நான் உள்மருத்துவம் படிச்சவ, கொடைக்கானல்ல பிறந்து வளந்தவ, ஆனா உங்க அப்பாவை நேர்ல பாக்கல, அதனால டோஸ் முடிவு அவரைப் பாக்குறவங்க தான் எடுக்கணும்.

கிரியாட்டினின் 1.4ல இருந்து 1.7ன்னா சுமார் 21 சதவீதம் ஏறியிருக்கு. ராமிப்ரில் மாதிரி மாத்திரை ஆரம்பிச்சாலோ டோஸ் ஏத்தினாலோ 30 சதவீதம் வரைக்கும் ஏறினா பொதுவா மாத்திரையைத் தொடருவோம், அதுக்கு மேல போனா தான் காரணம் தேடுவோம். எனக்கு உங்க ரிப்போர்ட்ல கவலையா இருக்கறது கிரியாட்டினின் இல்ல, பொட்டாசியம் 5.4 தான். 5.5 தாண்டுனா ஸ்பைரோனோலாக்டோனைக் குறைப்பாங்க, 6 தாண்டுனா நிறுத்துவாங்க. நீங்க அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல நிக்கிறீங்க.

பெருமாள்மலை_மகன்:
டாக்டர் ரொம்ப நன்றி. போன் போட்டேன், சிஸ்டர் எடுத்து எழுதி வச்சிருக்காங்க, சார் கூப்பிடுவாருன்னு சொன்னாங்க. வாந்தி பேதி இல்ல. தலைசுத்தல் காலைல எந்திரிக்கும்போது லேசா. வலி மாத்திரை அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன், அவரு கேட்டா ஒழுங்கா சொல்ல மாட்டாரு, பையைப் பாக்கணும். ஆனா ஒண்ணு புரியல, கிட்னி நம்பர் ஏறுறது எப்படி நல்லதுக்குன்னு எடுத்துக்கறது? சித்தப்பாவுக்கு நான் என்னன்னு சொல்லி விளங்க வைக்கிறது?

குறிஞ்சி_டாக்டர்:
சித்தப்பா கேட்டது சரியான கேள்வி தான், கொஞ்சம் நீட்டிச் சொல்றேன் பொறுமையா படிங்க.

ஹார்ட் தள்ளுற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு கிட்னிக்குப் போகுது, ரெண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் கிட்ட வடிகட்டி, அதுல முக்கால்வாசிக்கும் மேல, கிட்டத்தட்ட எல்லாத்தையுமே, திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிருது. அவ்வளவு வேலை பாக்குற உறுப்புக்கு தன்கிட்ட வர்ற ரத்தத்தோட அழுத்தம் குறையுதான்னு பாக்கத் தெரியும், ஏன் குறையுதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. அடிபட்டு ரத்தம் கொட்டிருச்சா, பேதியில நீர் போயிருச்சா, இல்ல உங்க அப்பா மாதிரி ஹார்ட்டால தள்ள முடியலையா, அதுக்கு மூணும் ஒண்ணு தான். உடனே ரெனின்னு ஒண்ணை ரத்தத்துல விடும். லிவர்ல இருந்து வர்ற ஒரு புரோட்டீனை அது வெட்டும், அந்தத் துண்டை முக்கியமா நுரையீரல் ரத்தக்குழாய்ல இருக்குற ஏசிஇங்கிற நொதி இன்னொரு தடவை வெட்டும், கடைசியில கெடைக்கறது ஆஞ்சியோடென்சின் 2. இது தான் பெரிய ஆளு. ரத்தக்குழாயைச் சுருக்கும், தாகம் எடுக்க வைக்கும், அட்ரினல் சுரப்பிகிட்ட சொல்லி ஆல்டோஸ்டிரோனை விடச் சொல்லும், அந்த ஆல்டோஸ்டிரோன் உப்பைப் புடிச்சு வச்சுக்கிட்டு பொட்டாசியத்தை ஒண்ணுக்குல தள்ளும். ஸ்பைரோனோலாக்டோன் தடுக்கறது இந்த ஆல்டோஸ்டிரோனைத் தான், அதனால தான் பொட்டாசியம் ஏறுது.

ரத்தம் கொட்டுனவனுக்கு இது உயிர் காக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சு அடங்கிரும். ஹார்ட் பலவீனமானவங்களுக்கு அடங்கவே அடங்காது. உடம்புல தண்ணி காலு வீங்குற அளவுக்கு நிறைஞ்சு கெடக்கும், கிட்னி இன்னமும் தண்ணி இல்ல தண்ணி இல்லன்னு ரெனினை விட்டுக்கிட்டே இருக்கும். சுருங்குன குழாயை எதுத்து ஹார்ட் தள்ளணும், சேந்த தண்ணியையும் தள்ளணும். அதுக்கும் மேல ஆஞ்சியோடென்சினும் ஆல்டோஸ்டிரோனும் மாசக்கணக்குல ஓடுனா ஹார்ட்லயும் கிட்னியிலயும் நல்ல திசு இருக்க வேண்டிய இடத்துல நார் நாரா தழும்பு விழும். அதனால அப்பாவுக்கு ராமிப்ரில் குடுத்தது பிரஷரைக் குறைக்க இல்ல. ஏசிஇ நொதியைத் தடுத்து, ஓயாம கத்திக்கிட்டு இருக்குற அந்த ஹார்மோனை அடக்கறதுக்கு. 100/60 இருந்து தலை ரொம்ப சுத்தாம நடமாடுறாருன்னா அந்தப் பிரஷர்லயே தொடரலாம்.

இப்ப கிரியாட்டினின். கிட்னி வடிகட்டிக்குள்ள ரத்தம் வர்றதுக்கு ஒரு குழாய், வெளிய போறதுக்கு ஒரு குழாய். தோட்டத்துல ஓட்டை போட்ட ஹோஸ்ல தண்ணி விடும்போது கடைசி முனையை மடிச்சுப் புடிச்சா ஓட்டையில எல்லாம் பீச்சி அடிக்கும்ல, அது மாதிரி ஆஞ்சியோடென்சின் வெளிய போற குழாயை இறுக்கி வடிகட்டிக்குள்ள அழுத்தத்தைத் தூக்கி வச்சிருக்கும். ராமிப்ரில் அந்தப் பிடியைத் தளத்துது. வடிகட்டுற வேகம் கொஞ்சம் குறையும், அதனால கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும், ஒரு இடத்துல போய் நிக்கும். சுகர்காரங்களுக்கு அந்த அதிக அழுத்தத்துல தான் புரோட்டீன் ஒழுகி வடிகட்டியே கிழிஞ்சு போகுது, அதனால இந்த இறக்கம் வருஷக்கணக்குல கிட்னிக்கு லாபம். 2001ல இதே ஹார்மோனை அடக்குற லோசார்ட்டன், இர்பெசார்ட்டன் ரெண்டையும் சுகர் கிட்னிக்காரங்ககிட்ட பாத்த பெரிய ஆய்வுகள் வந்துச்சு, கிட்னி கெடுற வேகம் குறைஞ்சுது.

பூம்பாறைக்காரன்:
டாக்டரம்மா நீங்க படிச்சவங்க, ஒத்துக்கறேன். அப்ப எங்க பெரியப்பாவுக்கு ஏன் கிட்னி போச்சு? மாத்திரை போடுறதுக்கு முன்னாடி நல்லா தோட்ட வேலை பாத்த மனுசன். கண்ணு முன்னாடி பாத்ததை இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல.

குறிஞ்சி_டாக்டர்:
பூம்பாறை அண்ணே, நீங்க பாத்ததை இல்லைன்னு சொல்லல, பெரியப்பா ரிப்போர்ட்டைப் பாக்காம அவருக்கு என்னன்னும் நான் சொல்ல மாட்டேன். பொதுவா நடக்குறது சொல்றேன். கிட்னி கெடுறதுக்கு முதல் காரணங்களே சுகரும் பிரஷரும் தான், ரெண்டும் வலிக்காது, தோட்ட வேலையைத் தடுக்காது. கிட்னி ஓரளவு கெட்ட பிறகு தான் நிறைய பேருக்கு இந்த மாத்திரையே எழுதுறாங்க, அப்புறம் நோய் அது பாட்டுக்கு முன்னேறும்போது மாத்திரை தான் கெடுத்துச்சுன்னு தோணும். இதை நேரடியாவே சோதிச்சுப் பாத்திருக்காங்க அண்ணே. இங்கிலாந்துல கிட்னி ரொம்ப மோசமா போனவங்க 411 பேரைப் பிரிச்சு பாதிப் பேருக்கு இந்த வகை மாத்திரையை நிறுத்தி, மீதிப் பேருக்குத் தொடர்ந்து குடுத்து 3 வருஷம் பாத்தாங்க, 2022ல வெளிவந்துச்சு. நிறுத்தினவங்க கிட்னி தேறல. ரெண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே இடத்துல தான் நின்னாங்க.

ஆனா உங்க சந்தேகத்துல நியாயம் இருக்குற இடமும் ஒண்ணு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. சிலருக்கு ரெண்டு கிட்னிக்கும் போற ரத்தக்குழாயே கொழுப்பு அடைச்சு சுருங்கி இருக்கும். 1934ல கோல்ட்பிளாட்னு ஒரு அமெரிக்க டாக்டர் நாய்ங்களோட கிட்னி ரத்தக்குழாய்ல கிளிப் போட்டு இறுக்கிக் காட்டினாரு, பிரஷர் ஏறி நின்னுச்சு. அந்த மாதிரி அடைப்பு இருக்குறவங்களோட கிட்னி ஆஞ்சியோடென்சின் பிடியை நம்பித்தான் ஓடிக்கிட்டிருக்கும், அவங்களுக்கு மாத்திரை குடுத்தா கிரியாட்டினின் கிடுகிடுன்னு ஏறிரும். மாத்திரை ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்றது இதைப் புடிக்கத்தான். டெஸ்ட் பண்ணாம வருஷக்கணக்கா சீட்டை மட்டும் காட்டி மாத்திரை வாங்கிப் போடுறது இருக்கே, அது தான் எனக்கு பயம்.

கெமிக்கல்னு சொன்னீங்க. இந்த மாத்திரைக் குடும்பம் பொறந்ததே ஒரு பாம்பு விஷத்துல இருந்து. பிரேசில்ல ஜராராக்கான்னு ஒரு விரியன் இனம், அதோட விஷத்துல இருந்த ஒரு பொருளை ஃபெரேரான்னு ஒருத்தர் 1965ல எழுதினாரு, அது ஏசிஇ நொதியைத் தடுக்கும்னு பிறகு தெரிஞ்சு, அதை வச்சு யோசிச்சு யோசிச்சு கேப்டோப்ரில்னு மாத்திரை செஞ்சாங்க, 1981ல அமெரிக்காவுல அனுமதி கெடைச்சுது. பூண்டு மேல எனக்கு எந்தப் பகையும் இல்ல, நம்ம மலைப்பூண்டு குழம்புல எவ்வளவு வேணும்னாலும் போடுங்க. பிரஷர் அதிகமா இருக்கவங்களுக்கு கொஞ்சம் இறக்குதுன்னு ஆய்வும் இருக்கு. ஆனா பம்பிங் 30 இருக்கவருக்கு உயிரைக் காப்பாத்துறது பிரஷர் இறங்குறது இல்ல. 1987ல மூச்சு விடவே முடியாத நிலையில இருந்த ஹார்ட் நோயாளிங்ககிட்ட ராமிப்ரில் குடும்பத்து எனலாப்ரில் குடுத்துப் பாத்தப்ப, 6 மாசத்துல டம்மி மாத்திரை போட்டவங்கள்ல 100க்கு 44 பேர் இறந்தாங்க, எனலாப்ரில் போட்டவங்கள்ல 26 பேர். பூண்டுல அப்படி ஒண்ணு யாரும் காட்டல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க பூண்டை மருந்து மாதிரி கை நிறைய பச்சையா முழுங்குறதும் வேண்டாம், ரத்தக்கசிவு கூடலாம்.

லேப்_கொடை:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், அந்த 5.4 எங்க எடுத்த ரத்தம்? நான் லேப் டெக்னீஷியன். மலையில பல கலெக்‌ஷன் சென்டர்ல ரத்தத்தை மட்டும் எடுத்து ஐஸ் பெட்டியில வச்சு சாயங்கால பஸ்ல வத்தலகுண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ அனுப்புறாங்க. சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி சீரத்தைப் பிரிக்காம முழு ரத்தமா குளிர்ல மணிக்கணக்கா வச்சா அணுவுக்குள்ள இருக்குற பொட்டாசியம் வெளிய கசியும், ரத்தம் பாக்க நல்லா தான் இருக்கும், நம்பர் மட்டும் பொய்யா ஏறி வரும். கையில பட்டையை ரொம்ப நேரம் கட்டி விரலை மூடி மூடித் திறக்கச் சொல்லி எடுத்தாலும் ஏறும். ஊசியில அணு உடைஞ்சாலும் ஏறும். அதனால மறுபடியும் எடுக்கும்போது அங்கேயே மெஷின் இருக்குற லேப்ல குடுங்க, இல்லைன்னா இங்கேயே பிரிச்சு அனுப்புவீங்களான்னு வாய் விட்டுக் கேளுங்க. கேக்குறதுக்குக் கூச்சப்படாதீங்க.

குறிஞ்சி_டாக்டர்:
இதுக்கு மன்னிப்பு எதுக்குங்க, இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இது. ஆனா பொய்யா தான் இருக்கும்னு நெனச்சு விட்டுரவும் கூடாது, 6க்கு மேல வந்தா பொய்யோ நிஜமோ உடனே ஈசிஜி எடுத்துப் பாக்கணும். பொட்டாசியம் ஏறுறது பல பேருக்கு ஒரு அறிகுறியும் காட்டாது, காட்டும்போது ஹார்ட் துடிப்பிலேயே காட்டும்.

மருந்துக்கடை_வத்தலகுண்டு:
நான் கடையில டெய்லி பாக்குறதைச் சொல்றேன். தேயிலை, காப்பித் தோட்டத்துல வேலை பாக்குறவங்க, கேரட் மூட்டை தூக்குறவங்க முட்டி வலின்னு வந்து நிப்பாங்க, டைக்ளோஃபெனாக் ஒரு அட்டை குடுங்கன்னு. பிரஷர் மாத்திரை போடுறீங்களான்னு கேட்டா அது வேறன்னு சொல்வாங்க. ராமிப்ரில் வகை ஒண்ணு, நீர் மாத்திரை ஒண்ணு, மேல வலி மாத்திரை ஒண்ணு, இந்த மூணும் ஒரே ஆளுக்குள்ள போனா கிட்னி மாட்டிக்கும். உள்ள வர்ற குழாயைத் திறந்து வைக்கிற பொருளை வலி மாத்திரை நிறுத்துது, வெளிய போற குழாயை ராமிப்ரில் தளத்துது, நீர் மாத்திரை இருக்குற தண்ணியையும் இறக்குது. வலின்னா பாராசிட்டமால், தடவுற மருந்து, அதுக்கு மேல டாக்டர்.

இன்னொண்ணு, ரெண்டு டாக்டர்கிட்ட காட்டுறவங்க ரெண்டு சீட்டையும் ஒண்ணா எடுத்துட்டு வாங்கப்பா. ஒரு சீட்டுல ராமிப்ரில், இன்னொரு சீட்டுல டெல்மிசார்ட்டன்னு இருக்கும், பேரு வேற, அடக்குற ஹார்மோன் ஒண்ணு. ரெண்டையும் சேத்துப் போட்டா டபுள் பலன்னு நெனச்சு 2008ல பெரிய ஆய்வு பண்ணுனாங்க, பலன் கூடல, கிட்னிக்குத் தான் கெடுதல் கூடுச்சு.

தாண்டிக்குடி காப்பி:
எனக்கும் ஹார்ட் பலவீனம் தான், எனலாப்ரில் போட்டு ராத்திரி பூரா வறட்டு இருமல், வீட்டுல எல்லாரும் டிபியான்னு பயந்துட்டாங்க. அது ஏன் வருது? இப்ப வேற மாத்திரைக்கு மாத்திட்டாங்க, சாக்குபிட்ரில் வல்சார்ட்டன்னு விலை கூடுன ஒண்ணு, மாத்தும்போது 36 மணி நேரம் பழைய மாத்திரை எதுவும் போடக்கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாங்க, காரணம் சொல்லல.

குறிஞ்சி_டாக்டர்:
ஏசிஇ நொதிக்கு இன்னொரு வேலை இருக்கு, பிராடிகைனின்னு ஒண்ணை உடைக்கிறது. நொதியைத் தடுத்தா அது சேரும், சிலருக்குத் தொண்டையில அரிச்சு இருமல் வரும். லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், வல்சார்ட்டன் எல்லாம் நொதியை விட்டுட்டு ஆஞ்சியோடென்சின் போய் உக்கார்ற இடத்தை மட்டும் அடைக்குது, அதனால இருமல் ரொம்பக் குறைவு.

சாக்குபிட்ரில் கதை எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஹார்ட் வெறும் பம்பு இல்ல, அதுவும் ஒரு சுரப்பி. 1981ல கனடாவுல அடோல்ஃபோ டி போல்ட் எலியோட ஹார்ட் மேலறைத் தசையை அரைச்சு வேற எலிக்கு ஊசி போட்டாரு, அந்த எலி உப்பையும் தண்ணியையும் கொட்டோ கொட்டுன்னு வெளிய தள்ளுச்சு. ஹார்ட் நிறைஞ்சு இழுபட்டா ஏஎன்பி, பிஎன்பின்னு ஹார்மோன் விட்டு கிட்னிகிட்ட தண்ணியை இறக்குன்னு சொல்லுது. இங்க தண்ணி வழியுதுன்னு ஹார்ட் சொல்ல, பத்தலைன்னு கிட்னி சொல்ல, ரெண்டும் ஒரே உடம்புக்குள்ள நேர் எதிரா பேசிக்கிட்டு இருக்கும், நோய் முத்த முத்த கிட்னி சத்தம் தான் ஜெயிக்கும். ஹார்ட்டோட இந்த ஹார்மோனை உடைக்கிற நெப்ரிலைசின்னு ஒரு நொதியை சாக்குபிட்ரில் தடுக்குது, வல்சார்ட்டன் அந்தப் பக்கம் ஆஞ்சியோடென்சினை அடக்குது. 2014ல எனலாப்ரிலோட வச்சுப் பாத்தப்ப இறப்பும் ஆஸ்பத்திரி சேர்க்கையும் சேர்ந்து 20 சதவீதம் குறைஞ்சுது. நெப்ரிலைசினும் பிராடிகைனினை உடைக்கிற நொதி தான், அதனால எனலாப்ரில் உடம்புல இருக்கும்போதே இதைப் போட்டா உதடு, நாக்கு, தொண்டை வீங்கி மூச்சடைக்கலாம். அந்த 36 மணி நேரம் அதுக்குத்தான்.

நீங்க இனிமே ஹார்ட் ரத்த டெஸ்ட் எடுத்தா என்டி ப்ரோ பிஎன்பின்னு கேட்டு எடுங்க. வெறும் பிஎன்பி இந்த மாத்திரையால ஏறிக் காட்டும், வீணா பயப்படுவீங்க.

வார்டு_அக்கா:
நான் ரிட்டயர் ஆன ஸ்டாஃப் நர்ஸ், ஹார்ட் வார்டுல ரொம்ப காலம் இருந்தேன். பெருமாள்மலைப் பக்கம்னு சொன்னதும் கேக்கணும்னு தோணுச்சு, அப்பா பட்டர் ஃப்ரூட், அதான் அவகாடோ, சாப்பிடுறாராப்பா? நம்ம கீழ்மலையில வீட்டுக்கு வீடு மரம் நிக்குது, ஹார்ட்டுக்கு நல்ல கொழுப்புன்னு மொபைல்ல பாத்துட்டு டெய்லி ஜூஸ் அடிச்சுக் குடிக்கிறாங்க. நல்லது தான், ஆனா 100 கிராம்ல கிட்டத்தட்ட 480 மில்லிகிராம் பொட்டாசியம், வாழைப்பழத்துல 360 கிட்ட தான். ஸ்பைரோனோலாக்டோன் போடுறவங்களுக்கு, அதுலயும் கிட்னி பாதி வேலை பாக்குறவங்களுக்கு அது பழம் இல்ல, பொட்டாசியம் டானிக். மலைவாழை, இளநீர் எல்லாமே கணக்குல வரும். கேரட், உருளைக்கிழங்கை தோல் சீவி பொடிசா நறுக்கி நிறைய தண்ணியில வேக வச்சு அந்தத் தண்ணியை வடிச்சுட்டா பாதி பிரச்சனை குறையும், பழத்துக்கு அப்படி வழி இல்ல, அளவைத்தான் குறைக்கணும்.

அப்புறம் கடையில சோடியம் குறைச்ச உப்புன்னு விக்கிறாங்களே, அதுல சோடியத்துக்குப் பதிலா போட்டிருக்கறது பொட்டாசியம் குளோரைடு. ஆரோக்கியமான வீட்டுக்கு அது நல்லது. இந்த மாத்திரை போடுற வீட்டுல டாக்டரைக் கேக்காம வாங்கவே கூடாது.

எதிர் பக்கமும் ஒண்ணு. ரிப்போர்ட்ல சோடியம் 128, 130ன்னு கொறைஞ்சு வந்தா சொந்தக்காரங்க உப்பு பிஸ்கட்டும் ஊறுகாயும் வாங்கிட்டு வந்துருவாங்க. ஹார்ட் பலவீனத்துல அது பெரும்பாலும் உப்புக் குறைவு இல்ல. மூளையில இருந்து வாசோபிரெசின்னு ஒரு ஹார்மோன் தண்ணியை மட்டும் புடிச்சு வச்சுக்குது, உப்பு இருக்கு, தண்ணி அதிகமாயி நீத்துப் போச்சு. அவங்களுக்கு உப்பைக் கூட்டினா கால் வீக்கம் தான் கூடும், தண்ணியைத் தான் அளக்கணும். நீர் மாத்திரையாலயும் சோடியம் குறையும், அது வேற கணக்கு, அதனால டாக்டர் பாத்துச் சொல்லட்டும், ஊறுகாயைத் திறக்காதீங்க.

பெருமாள்மலை_மகன்:
அக்கா, நீங்க கேட்டது அப்படியே சரி. தோட்டத்துல காய்க்குது, தினம் ஒண்ணு சாப்பிடுறாரு, யாரோ ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொன்னாங்களாம். அவரு பையிலயும் டைக்ளோஃபெனாக் அட்டை இருந்துச்சு, பாதி காலி. ஆஸ்பத்திரியில இருந்து சாரும் கூப்பிட்டாரு. வலி மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, பழத்தை நிறுத்தி, வேற எந்த மாத்திரையும் நிறுத்த வேண்டாம், மூணு நாள் கழிச்சு நல்ல லேப்ல மறுபடி எடுத்து அனுப்புங்கன்னு சொல்லிட்டாரு. லேப் அண்ணன் சொன்னதையும் சொன்னேன், அங்கேயே மெஷின் இருக்குற இடத்துல எடுக்கச் சொன்னாரு.

கூக்கால்_மருமகள்:
நான் ஒரு கேள்வி கேக்கலாமா? எனக்கு 27 வயசு, ஒண்ணுக்குல புரோட்டீன் போகுதுன்னு லோசார்ட்டன் போடுறேன், பிரஷர் நார்மல் தான். கல்யாணம் ஆயி இப்ப குழந்தைக்குப் பாக்குறோம். மாத்திரையைப் பத்தி யாரும் எதுவும் சொல்லல.

குறிஞ்சி_டாக்டர்:
தங்கச்சி, இன்னைக்கே உங்க கிட்னி டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க, தள்ளிப் போடாதீங்க. வயித்துல இருக்குற குழந்தையோட கிட்னி உருவாகவே ஆஞ்சியோடென்சின் வேணும். ராமிப்ரில், லோசார்ட்டன் ரெண்டு குடும்பமும் கர்ப்பத்துல கூடவே கூடாது, குழந்தையோட கிட்னி பாதிச்சு பனிக்குட நீர் வத்திப் போகலாம். உங்களுக்கு மாத்து மருந்து இருக்கு, எப்ப மாத்தணும்னு அவங்க திட்டம் போட்டுத் தருவாங்க. நாள் தள்ளிப் போச்சுன்னா காத்திருக்காம அன்னைக்கே டெஸ்ட் பண்ணிட்டுக் கூப்பிடுங்க. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லணும், சொல்லாம விடுறதைப் பாத்தா எனக்கு மனசு ஆறல.

தாண்டிக்குடி காப்பி:
டாக்டர், ஸ்பைரோனோலாக்டோன்ல நெஞ்சு ஒரு பக்கம் வீங்கி தொட்டா வலிக்குது, ஆம்பளைக்கு வர்றதைச் சொல்லவே கூச்சமா இருந்துச்சு.

குறிஞ்சி_டாக்டர்:
கூச்சப்பட ஒண்ணும் இல்லைங்க, அந்த மாத்திரை ஆண் ஹார்மோன் இடத்துலயும் போய் உக்காருது. 1999ல வந்த பெரிய ஆய்வுல இறப்பை 30 சதவீதம் குறைச்ச மாத்திரை அது, அதே ஆய்வுல 10 ஆம்பளைக்கு ஒருத்தருக்கு நெஞ்சுல இந்த மாதிரி வந்துச்சு. எப்ளரினோன்னு மாத்திக் குடுப்பாங்க, அதுல இது ரொம்பக் குறைவு. தானா நிறுத்திராதீங்க.

அந்த 1999 ஆய்வுக்குப் பின்னாடி நடந்ததையும் சொல்லணும். ஆய்வுல பொட்டாசியம் 5க்கு மேல இருந்தவங்களையும் கிரியாட்டினின் 2.5க்கு மேல இருந்தவங்களையும் சேக்கவே இல்ல, அடிக்கடி ரத்தம் பாத்தாங்க. வெளிய வந்ததும் கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல எல்லாருக்கும் எழுத ஆரம்பிச்சாங்க. ஏசிஇ மாத்திரை போடுற வயசான ஹார்ட் நோயாளிங்கள்ல பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில சேந்தவங்க 1994ல 1000க்கு 2.4 பேரா இருந்தது 2001ல 11 பேர் ஆயிருச்சு. அதே மாத்திரை தான், டெஸ்ட் தான் விட்டுப் போச்சு. மலையில இருக்கவங்களுக்கு டெஸ்ட்னா ஒரு நாள் கூலி போகும், பஸ் ஏறணும், எனக்குத் தெரியும். இப்ப வீட்டுக்கே பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வருது, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, அது பெரிய விஷயம். மாத்திரை கொண்டு வர்ற அக்காகிட்ட கிரியாட்டினின், பொட்டாசியம் எப்ப பாத்ததுன்னும் கேளுங்க, பாத்து ரொம்ப நாளாச்சுன்னா பிஎச்சிக்குப் போற அன்னைக்கு ஞாபகப்படுத்துங்க.

பூம்பாறைக்காரன்:
டாக்டரம்மா, எங்க அம்மாவுக்கும் பிரஷர் இருக்கு, மார்கழி தை மாசத்துல ஏறுது, சித்திரையில திண்டுக்கல்ல தங்கச்சி வீட்டுக்குப் போனா இறங்கி மயக்கம் வருது. மிஷின் கோளாறா?

குறிஞ்சி_டாக்டர்:
மிஷின் சரியா இருக்கும் அண்ணே. உறைபனி விழுற குளிர்ல தோல் ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். அதே குளிர்ல ரத்தம் உள்பக்கம் கூடி ஹார்ட் இழுபடுறதால தான் அடிக்கடி ஒண்ணுக்கு வர்றதும். கீழ இறங்குனா வெயில்ல குழாய் விரியும், வேர்வையில உப்பும் தண்ணியும் போகும், மேல போட்ட அதே டோஸ் கீழ அதிகமாயிரும். போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட, கோடையில கீழ தங்குவாங்கன்னு சொல்லி டோஸ் கேட்டு வச்சுக்கோங்க. அம்மாவுக்கும் கிரியாட்டினின் பாத்து ரொம்ப நாளாச்சுன்னா அதையும் சேத்துப் பாத்துருங்க.

பூம்பாறைக்காரன்:
பாக்க வச்சுர்றேன். பெரியப்பா பழைய ஃபைலும் வீட்டுல இருக்கு, எடுத்துப் பாத்து முதல் கிரியாட்டினின் எப்ப எவ்வளவுன்னு இங்க போடுறேன்.

பெருமாள்மலை_மகன்:
ரிப்போர்ட் வந்துருச்சு, பொட்டாசியம் 4.9, கிரியாட்டினின் 1.6. சார் அதே டோஸ்ல தொடரச் சொல்லிட்டாரு, மறுபடி ரத்தம் எப்ப எடுக்கணும்னும் எழுதிக் குடுத்திருக்காரு, சுகருக்கு டப்பாக்ளிஃப்ளோசின் சேக்கலாம், அது ஹார்ட்டுக்கும் கிட்னிக்கும் சேத்து உதவும்னு சொல்லியிருக்காரு. சித்தப்பா ரிப்போர்ட்டை ரெண்டு தடவை வாங்கிப் பாத்துட்டு ஒண்ணும் பேசல. கடைசியா ஒண்ணு, வீட்டுல என்னென்ன பாத்துக்கணும், எப்ப நிறுத்தணும்னு ஒண்ணு இருக்குல்ல, அதைச் சொல்லுங்க.

வார்டு_அக்கா:
காலைல எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டு, சாப்பிடுறதுக்கு முன்னாடி எடை பாத்து காலண்டர்ல எழுதுங்க. மூணு நாள்ல 2 கிலோ ஏறுனா தண்ணி சேருதுன்னு அர்த்தம், கால் வீங்குற வரைக்கும் நிக்காதீங்க, போன் போடுங்க. படுத்தா மூச்சு முட்டி எந்திரிச்சு உக்காந்தாருன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

குறிஞ்சி_டாக்டர்:
நிறுத்துறது பத்தி: வாந்தி, பேதி, சாப்பிட முடியாத அளவுக்குக் காய்ச்சல்னு வந்து உடம்பு நிஜமாவே வறண்டா, அப்ப கிட்னி கத்துறதுல அர்த்தம் இருக்கு, அதை அடக்கக் கூடாது. அன்னைக்கு ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன், நீர் மாத்திரை, இப்ப சேக்கப் போற டப்பாக்ளிஃப்ளோசின், இந்த நாலையும் போடுறதுக்கு முன்னாடி டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்க, பெரும்பாலும் அந்த நாளுக்கு நிறுத்தச் சொல்வாங்க, நல்லா சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பிச்சு 24ல இருந்து 48 மணி நேரத்துல திரும்ப ஆரம்பிக்கச் சொல்வாங்க. பீட்டா பிளாக்கரையும் ஸ்டென்ட்டுக்கான மாத்திரையையும் மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களா நிறுத்தாதீங்க. அடுத்த தடவை மதுரை போகும்போது இந்த நாலு மாத்திரையோட பேரையும் அந்த டாக்டர் கையாலேயே ஒரு சீட்டுல எழுதி வாங்கி அம்மாகிட்ட குடுத்து வைங்க.

பெருமாள்மலை_மகன்:
வாங்கிடுறேன் டாக்டர். அம்மாவுக்கு எழுத்து பெருசா இருந்தா தான் தெரியும், அதையும் சொல்லி எழுதச் சொல்றேன்.